ஷட்டர்

காகிதத்தில் அதன் பெயர் மிட்நைட் கலெக்டர்.
சீசன் முடிந்து மற்றதெல்லாம் லாரி ஏறிப் போனபின்
ரேஸ் கோர்ஸ் பின்வாசலில் மிச்சமிருந்தது.
கார்த்திகை மழையில்
பதினெட்டாயிரத்துக்கு என் கைக்கு வந்தபோது
இடது முன்காலில் வீக்கம்.
கயிற்றைக் கொடுத்த எட்வின்
"இரும்புச் சத்தம் மட்டும் ஆகாதுண்ணே" என்றான்.
ஊட்டியில் எந்தத் தெருவில்
இரும்புச் சத்தம் இல்லை?

மூன்றாம் நாள் விடியலில்
காந்தல் முக்கில் இதாயத்துல்லா பேக்கரி திறந்தது.
ஷட்டர் மேலேறிய ஒரே கடகடவில்
கலெக்டர் கிளம்பிவிட்டார்.
மறுமுனையில் நான் இருப்பது
அவர் நினைவிலேயே இல்லை.
முட்டைக்கோஸ் லாரி, மாதா கெபி, ஏடிஎம்
எல்லாம் தாண்டி
ஆயிரத்து இருநூறு மீட்டர் இருக்கும்,
தானாக நின்றது.
ஜெயித்தோமா என்று கேட்பதுபோல்
மூச்சிரைக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆறு வருஷம் பெட்டிக்குள் நிறுத்தி
முகத்துக்கு நேரே கதவைத் திறந்திருக்கிறார்கள்.
திறப்பதற்கும் ஓடுவதற்கும்
அதன் அகராதியில் ஒரே சொல்.

"ரெண்டு போடு, தெளியும்" என்றான் சேவியர்.
ஏரிக்கரையில் எட்டுக் குதிரை வைத்திருப்பவன்.
போட்டால்
ஷட்டரோடு சேர்த்து எனக்கும் பயப்படும்.
ஒரு பயம் போதாதா?

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணி.
முதல் வாரம் தண்ணீர்த் தொட்டியடியில் நின்றோம்.
அப்புறம் டிரான்ஸ்பார்மர்.
அப்புறம் பாயின் விறகுக் குவியல்.
பாய் எங்களுக்காக
சாண் சாணாய் ஷட்டரைத் தூக்கினார்.
பால்காரர்கள் குனிந்து நுழைந்து
வர்க்கி வாங்கி
என்னைத் திட்டிக்கொண்டே குனிந்து வெளியேறினார்கள்.

நான் செய்ததெல்லாம் நின்றதுதான்.
கொஞ்சம் உடைந்த கேரட்.
அதன் கண்ணை நேராகப் பார்க்காமல்
எதிர்ச் சுவரின் தேர்தல் சின்னத்தையே
பார்த்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பதாம் நாள்
இரண்டு காதும் ஷட்டர் பக்கமே இருந்ததில்
ஒன்று மெல்லத் திரும்பி
என் இருமலைக் கேட்டது.

தை பிறந்து புல்லெல்லாம் வெள்ளை.
உறைபனியில் தாடை நடுங்க நின்றிருந்தேன்.
பாய்க்குக் காய்ச்சல்.
விஷயம் தெரியாத மருமகன்
ஒரே இழுப்பில் உச்சிவரை ஏற்றிவிட்டான்.

அதன் தோல்
தோளிலிருந்து வால்வரை ஓர் அலையாய் ஓடியது.
தோல் மட்டும்தான்.
நாலு குளம்பும் தார் ரோட்டில் இருந்தன.

கயிற்றைக் கையில் சுற்றாதே என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.
குனிந்து பார்த்தால்
மூன்று சுற்றுச் சுற்றியிருக்கிறேன்.
ஒரு கால் ஏற்கெனவே
ஓட்டத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது.

சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது.
அசையாமல் காத்திருந்தது,
நான் ஒவ்வொரு சுற்றாய் அவிழ்க்கும்வரை.

சீசனுக்கு இன்னும் எழுபது நாள்.
பலூனை
இன்னும் தொடங்கவேயில்லை.