பார்ப்பவர் 1

ஏணியில் ஐந்து படி.
ஆறாவது படி இல்லை, சுவரில் கை ஊன்றி ஏறவேண்டும்.
டச்சுக் குடாவின் உப்பு
ஓர் இரவுக்குள் கண்ணாடியில் கஞ்சி ஆடைபோலப் படிந்துவிடும்.
வாடைக்காலத்தில் இன்னும் மோசம்.
கமரா துடைக்கப் பழைய பெனியன்தான் நல்லது,
கடையில் வாங்கிய துணி கீறும்.

நான் துடைக்கிற நேரம்
என் பெருவிரல்தான் திருகோணமலை.
சூரிச்சிலோ மெல்பேணிலோ ஆரும்
வரமுதல் ஒருக்கால் பார்ப்போம் என்று திறந்தால்
முதலில் தெரிவது கடல் இல்லை,
நகத்துக்குள் இருக்கிற கறுப்பு.

"பாத்தா வருவாங்கதானே" என்பார் ரியாஸ்தீன் நானா.
சித்திரையில் ஒருவர் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டார்:
அந்தச் சிவப்பு வள்ளம் விடியலை மறைக்கிறது,
சற்றுத் தள்ளி வைக்க முடியுமா?
பொனவெந்தூர் அண்ணையிடம் போய்ச் சொன்னேன்.
வலையிலிருந்து தலை நிமிராமல்
"சூரியனைத் தள்ளி வைக்கச் சொல்லு" என்றார்.
அந்த ஆள் வரவில்லை.

கமரா வலப்பக்கம்தான் பார்க்கும்.
இடப்பக்கம் திருப்பினால் கோட்டை, கோட்டைக்குள் ஆமி.
நமக்கு ஏன் சோலி என்று
நானா திருகாணியை இறுக்கிவிட்டார்.
அதனால் உலகம் பார்க்கிற எங்கள் ஊரில்
கோணேசர் மலை இல்லை.
பின்னேரப் பூசை மணி மட்டும்
எங்கிருந்து என்று தெரியாமல்
காற்றின் இரைச்சலுக்குள் வந்து போகும்.
பஸ் ஸ்டாண்டில் கடதாசி தின்ற மான்கள்
மணலுக்கு வந்து நின்றால்
பார்ப்பவர் நாற்பதைத் தாண்டும்.

கார்த்திகையில் எல்லா அறையும் பூட்டு.
இரவுக் காவலுக்கு நான், ஒரு நுளம்புத்திரி, கணினி.
இரண்டு மணிக்குத் திரையில் கறுப்பு.
அதற்குள் இன்னொரு கறுப்பு அசைந்தால் அது அலை.
மூலையில் சின்னதாய்:
பார்ப்பவர் 1.

அது நான் இல்லை.
அந்த நேரம் நான் நோர்வேயில் நிற்பேன்.
எழுத்துக் கூட்டியும் வாசிக்க வராத பெயர்,
சிறிய துறைமுகம், மஞ்சள் கிறேன் ஒன்று.
விசா இரண்டு தரம் மறுத்தார்கள்.
இப்படிப் போக ஒருவரும் முத்திரை கேட்பதில்லை.
அங்கே அப்போது இரவு ஒன்பதரை.
தொப்பிக்காரர் ஒருவர் நாயோடு வருவார்,
நாய் மூன்றாவது விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கும்.
இரண்டாவதில் ஒருநாளும் தூக்கியதில்லை.
அங்கேயும் மூலையில் 1.
அது நான்.

போன கிழமை பனி அந்தக் கமராவை மூடிவிட்டது.
மூன்று நாள் வெறும் வெள்ளை.
துடைக்க ஓர் ஆள் இல்லையா
இவ்வளவு பணக்கார நாட்டில்!
நாய் வந்ததா, எந்தக் கம்பம்,
எனக்கு எப்படித் தெரியும்?
கடிதம் எழுதத் தொடங்கினேன்.
மதிப்புக்குரிய ஐயா, ஒரு பழைய பெனியன் போதும்...
பிறகு அழித்துவிட்டேன்.
ஆர் நீ என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்று காற்று உரத்து வீசுது.
விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம்.
எண் அப்படியே இருக்கிறது.
ஏணியைச் சாத்தினேன், இருட்டிலேயே துடைத்தேன்,
மூலைகளையும்.
இறங்கி வந்து டோர்ச்சை
பொனவெந்தூர் அண்ணையின் வள்ளத்தில் அடித்தேன்.
சிவப்பு, பக்கவாட்டில் ஒரு மாதா படம்,
அணியத்தில் ஈரத்தோடு ஒரு காகம்.
இந்த நேரத்தில் காட்ட
வேறு என்னதான் இருக்கிறது எங்களிடம்?

கை நோகும்வரை
வெளிச்சத்தை அதிலேயே பிடித்திருந்தேன்.