இலைக்கணக்கு

சித்திரையில் சீயோன் ஹோட்டலுக்கு
தினம் இருநூறு ஏடு இறக்கினேன்.
வைகாசியில் நூற்றைம்பது.
ஆனி பிறந்த அன்று
"அம்பது போதும் ரோஸ்லெட்டு" என்றான் டென்னிசன்,
அடுப்பைப் பார்த்துக்கொண்டே.
அப்போதே தெரிந்துவிட்டது.
தெரிந்தும் அம்பதை இறக்கிவிட்டு,
நோட்டில் எழுதிவிட்டு வந்தேன்.

எந்தக் கடை ஓடுகிறது, எது நொண்டுகிறது
என்று என்னிடம் கேளுங்கள்.
தின்றவன் பசிக்குத் தக்க புளுகுவான்.
இலைக்குப் புளுகத் தெரியாது.

களியக்காவிளை ஸ்டாண்டுக்குப் பின்னால்
மீரான் காக்கா மாடி எடுத்திருக்கிறார்.
வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு,
பீங்கான் தட்டில்.
எனக்கு அதில் நயா பைசா லாபமில்லை,
ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்:
ஏணிப்படி வரை ஆள் நிற்கிறது.

குழித்துறைப் பாலத்தடியில்
நாத்தனார் ரெண்டு பேர் நடத்தும் மெஸ்.
ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொள்வதில்லை.
மயக்கின மரச்சீனி ஒருத்தி கை,
சாளைக்கறி மற்றவள் கை,
இலையில்தான் ரெண்டும் சந்திக்கும்.
விசைப்படகு கரையேறிக் கிடக்கிற மாதம்,
வள்ளத்துச் சாளை மட்டும்தான்;
முள்ளுக்குப் பயந்தவர்கள் போகவேண்டாம்.

சக்கை முடிந்தது.
மழை குடித்த சுளை, கடித்தால் தண்ணீர்.
இப்போது ஒருவன் வருக்கை என்று கூவினால்
முகத்தைப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்,
பார்த்தால் வாங்கிவிடுவீர்கள்.

சீயோனுக்கு ஷட்டர் இறங்கி இருபது நாள்.
பூட்டின்மேல் யாரோ கட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.
எனக்கு வரவேண்டியது
பதினோராயிரத்து நானூறு.

பாறசாலை பஸ் கண்டக்டர்தான் சொன்னார்:
"இஞ்சிவிளையில புதுக்கடை.
போர்டு மலையாளம், ஆள் நம்ம ஆளாக்கும்."
வண்டியைத் திருப்பினேன்.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பெய்த அதே மழை
அந்தப் பக்கமும் பெய்தது.
போர்டு எனக்கு வாசிக்க வராது.
வாசிக்கத் தேவையில்லை,
மீன்கறிக்குப் புளிச்சிக்காய் போடுகிற கை
இந்த ரோட்டில் ஒன்றுதான்.

என்னைக் கண்டதும் கரண்டி
சட்டிக்கு மேலே அப்படியே நின்றது.
"இரி" என்றான்.
"நிக்கேன்" என்றேன்.
ஒரு ஏட்டில் எதையோ கொட்டி நீட்டினான்.
ஏடு என்னுடையதில்லை. வெட்டு கோணல்,
நரம்போரம் கிழிசல்;
யாரிடமோ மலிவுக்கு வாங்கியிருக்கிறான்.
அதற்குத்தான் முதலில் கோபம் வந்தது.

அதன் மேலே
சுடச்சுட அயனிக்கொட்டை,
வறுத்த மணல் இன்னும் ஒட்டியபடி.
சந்தைக்கு வராத சாமானம் அது.
அந்த உயரத்துக்கு ஏறத் துணிகிறவன்
வீட்டுக்கே போதாது.
தொலி உடைத்து ஒன்று போட்டேன்.
பிறகு ஒன்று.
பதினொன்று தின்ற பிறகுதான்
"பைசா?" என்று கேட்டேன்.

"ஓணத்துக்கு முன்னே தாறேன்."
"எந்த ஓணம்?"
பதில் இல்லை. கறி கொதித்தது.
பிறகு மெல்ல,
"நாளைலேருந்து நூறு ஏடு போடுவியா?"

முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வாய்க்குள் கொட்டை இருந்தது.
மென்று முடிப்பதற்குள்
அவன் என் வண்டியிலிருந்து கட்டை இறக்கிவிட்டான்.

ஆகவே, இன்றைய நிலவரம்:
தினம் நூறு, ரொக்கத்துக்கு.
பழைய கணக்கு நோட்டில் அப்படியே நிற்கிறது.
செக்போஸ்ட் தாண்டி இடதுகைப் பக்கம்,
நீலத் தார்ப்பாய்.
மீன்கறி உச்சைக்குள் தீர்ந்துவிடும்.
அயனிக்கொட்டை இன்னும் நாலு நாள் கிடைக்கலாம்,
கிடைக்காமலும் போகலாம்.
ரோஸ்லெட் அனுப்பினாள் என்று சொல்லுங்கள்.
பதறிப்போய்
ஒரு துண்டு மீன் கூட வைப்பான்.