காலி வீடுகள்

உலர்த்தி எடுத்த பொடி
மைதா மாவைவிட வெள்ளை.
மூலைக்கு மூலை சிர்கோனியத் தூண்,
குறுக்கே கரிமக் கழிகள்,
மீதியெல்லாம் வெற்றிடம்.
மானிய விண்ணப்பத்தில் எழுதுவது
உலோக-கரிமச் சட்டகம்.
தனியாக இருக்கும்போது வீடு என்பேன்.

ஒரு கிராமுக்குள்
ஆயிரம் சதுர மீட்டர் உட்புறம்.
பந்தாய் டாலாம் பதினோராம் மாடியில்
எங்கள் ஃபிளாட் அறுபது.
ஆறு பேர். மூன்று நாளாக லிஃப்ட் இல்லை.
படியேறும்போது கணக்குப் போட்டேன்:
தேக்கரண்டி நுனியில்
பதினாறு குடும்பம் குடியேறலாம்,
ஆர்செனிக்காய்ப் பிறந்திருந்தால்.

அதற்கும் முதலில் காலி செய்யணும்.
கரைப்பான் விருந்தாளிகள்
லேசில் எழமாட்டார்கள்;
காற்றை உறிஞ்சி, நூற்றிருபது பாகையில்
விடிய விடியச் சூடு காட்டினால்தான்
செருப்பைத் தேடுவார்கள்.

வடித்த நீரில் நாங்களே கலந்த பாஷாணத்தை
அரை மணியில் வாரி எடுத்தது.
சியூ பெங் கைதட்டினாள்.
பிறகு, பூச்சோங் பக்கம்
ஒரு பழைய ஈயக் குட்டையில் மொண்ட நீர்.
படுத்துவிட்டது.

பாஸ்பேட்.
அதே முகவெட்டு, அதே நான்கு ஆக்சிஜன் கைகள்.
அண்ணனின் அடையாள அட்டையைக் காட்டித்
தம்பி நுழைந்த கதை;
ஆர்செனிக் வந்து சேர்வதற்குள்
எல்லா அறையிலும் பாய் விரித்திருந்தது.

நான்கு மாதம்.
கடைசியில், அங்கங்கே ஒரு கழி இல்லாமல்,
தெரிந்தே குறை வைத்துக் கட்டினோம்.
எண்பத்து நான்கு இருந்தது ஆறாய் இறங்கியது.
பத்துக்குக் கீழே என்றால் குடிக்கலாம்.
நான் கைதட்டவில்லை,
கருவியை நிறுத்தி மறுபடி போட்டேன்.
ஆறு.

குட்டையில் திலாப்பியா பிடிக்கும் ரொஸ்டி
வாளி நீரைக் காட்டிக் கேட்டார்:
விஷம் எங்கே போச்சு?
பொடிக்குள்.
பொடி எங்கே போகும்?
நீல டிரம்முக்குள்.
அப்புறம்?
தூண்டில் ஆடியது.
நல்லவேளை, அவர் திரும்பிக்கொண்டார்.

வெள்ளி மாலை, கழிவுப் படிவம்.
எடை, நாள், மூடியின் முத்திரை எண்.
உள்ளடக்கம் என்ற கட்டத்தில்
'குடியிருப்பவர்' என்று எழுதிவிட்டேன்.
அடித்துத் திருத்தி,
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.