பகல் ஷிஃப்ட்

வில்லாபுரத்தில் மூன்றாவது மாடி.
மேலே தகரம்,
அதற்கடியில் முக்கால் முழம் இருட்டு,
அதற்கடியில் நான்.

பெரியாஸ்பத்திரியில் இராப்பணி முடித்து
காலை எட்டரைக்கு வந்து படுப்பேன்.
பத்து மணிக்குத் தகரம் சொடக்கெடுக்கும்.
பன்னிரண்டுக்கு அந்த இருட்டு
தெர்மாகோலைத் தாண்டி இறங்கி
என் மேல் கையைக் காலைப் போட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஏசி வாங்கினேன்.
பதினெட்டில் வைத்தாலும்
புலம்பியதே தவிர குளிர்ந்தபாடில்லை.
கரண்டு கணக்கு ஐநூறு யூனிட்டைத் தாண்டிய அன்று
மீட்டர் பெட்டிமுன் நின்று
ஊசி மருந்தின் அளவைச் சரிபார்ப்பதுபோல்
மூன்று தடவை படித்தேன்.

சிக்கந்தர் ஏணியில் ஏறி
ஒரு தெர்மாகோலைத் தூக்கி
உள்ளே கையை விட்டான்.
விட்ட வேகத்தில் எடுத்தான்.
"அக்கா, மேல ஒரு அடுப்பு எரியுது.
நீங்க அதுக்கு ஏசி போட்டிருக்கீங்க."

தோசைக்கல் அகலத்தில் ஒரு விசிறி.
அதை ஓட்ட, வெயிலில் சாய்த்துவைத்த கறுப்புப் பலகை.
வயர் மீட்டர் பக்கமே போகவில்லை.

"தகரத்துல ஓட்டை போட்டா
மழைக்கு யார் ஜவாப்பு?"
வீட்டுக்காரம்மா குணவதி.
"மழை வரட்டும்க்கா, பேசிக்கலாம்."
மதுரையில் இந்த வாக்குக்கு
ஆயுசு கெட்டி.

ஏழு மணிக்குத் தொண்டையைச் செருமும்.
உச்சியில் வெறி பிடிக்கும்.
வெயிலே வெயிலின் பிடரியைப் பிடித்து
வெளியே தள்ளுகிற சத்தம்.

குளிர்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன்.
தலையணையைத் திருப்பிப் போட்டால்
இப்போது அதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.
அவ்வளவுதான்.
ஏசி இருபத்தாறில் ஒரு மணி நேரம்,
பிறகு அதற்கும் ஓய்வு.
போன கணக்கு நானூற்று முப்பது.

மேகம் கடந்தால்
கண் திறக்காமலே தெரியும்,
மேலே சுருதி இறங்கும்.
ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
விசிறியும் அசையவில்லை.
சத்தமில்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.
குணவதிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆறரைக்கு அது நிற்கும்.
நான் எழுவேன்,
முகம் கழுவி
பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு
படியிறங்குவேன்.

இரவு மூன்று மணி.
பதினேழாம் படுக்கை, உசிலம்பட்டிக்காரர்,
நூற்று மூன்று டிகிரி.
நெற்றியில் போட்ட ஈரத்துணி
அதற்குள் காய்ந்துவிட்டது.
எடுத்து
மறுபடி நனைக்கிறேன்.