மறு அறிவித்தல் வரை

பீல் நகரத் தபாற்காரி கையெழுத்து வாங்கித் தந்த உறையில்
ஒரே ஒரு தாள்.
மறுபரிசீலனை மனு நிலுவையில்;
தண்டனைக்கு இடைக்காலத் தடை.

சீட்டுக்காசு நாற்பதாயிரம் பிராங்கை விழுங்கினவன்
சனிக்கிழமை கடையில் எனக்கு முன்னால்
முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறான்.
"சுகமா அக்கா?"

லொசானில் எதிர்க்கலாமாம். முப்பது நாள்.
மொழிபெயர்க்கிற தர்மினி வாசிக்கிறாள்:
ஈடுசெய்ய முடியாத நட்டம் எதுவென்று
காட்ட வேண்டும்.

ஹோட்டல் கோப்பை கழுவி வெடித்த விரல்களை
மேசையில் வைத்தேன்.
இதை இணைக்க ஏலாது அக்கா, என்றாள்.

முப்பதாம் நாள்.
தபாற்கந்தோர் பூட்ட நாலு நிமிடம்.
உறையில் இயந்திரம் திகதியைக் குத்தியது.

அதற்கு மட்டும்
அவன் இன்னும் தடை வாங்கவில்லை.