மற்றும் பலர்

வில்லாபுரம் பட்டறையில்
புல்லட் மட்கார்டுகளுக்கு நடுவே
என் இரண்டு மூடிகளும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன.
கழற்றிக் கொடுக்கும்முன்
நைனா முகமது திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"சோப்பு டப்பாவுமில்ல, சாம்பக் கிண்ணமுமில்ல.
எதுக்குமா இது, எதை மூட?"
பேஸ் கிட்டாருக்கு என்றேன்.
"நாலு கம்பி வச்சது தான?
அதுல சத்தமே கேக்காதே."

கேட்காதுதான்.
பதினொரு வருடமாக
அவனியாபுரம், சிலைமான், திருமங்கலம், மேலூர்,
எந்த மேடையிலும்
பாடுகிறவர்கள் பெயர் முடிந்து
கீபோர்டு முடிந்து, டிரம்ஸ் முடிந்து
தபேலாவுக்கான கைதட்டும் அடங்கி
மைக்கை வாயிலிருந்து எடுக்கிற நேரத்தில்
"மற்றும் பலர்" என்பார் தவசி.
அந்தப் பலர் நான் ஒருத்திதான்.

ஞாயிறு மதியம்.
தரையில் பழைய போர்வை விரித்து
பல் பிடுங்க வந்தவனைப் போல
கிட்டாரை மல்லாத்தினேன்.
மாஸ்கிங் டேப், அதன்மேல் பென்சில் புள்ளி.
பிரிட்ஜுக்குப் பெரியது, பிக்கப்புக்குச் சின்னது.
கம்பி போய் மூடியில் இடிக்கக் கூடாது,
இரண்டு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தேன்.
எதிர்வீட்டு ஏசி மெக்கானிக்கின் டிரில் அலறியதில்
மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
மரத்தூள் மாவு போல வந்தது, கொஞ்சம் கசப்பு வாசம்.
முதல் திருகாணி பாதியில் அடம்பிடித்தது.
சோப்பில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டதும்
சொன்ன பேச்சு கேட்டது.
மூன்றாவது வழுக்கி
கறுப்பு வார்னிஷில் ஒரு கோடு.
ஒரு நகம் அளவுதான்.
அதற்காக ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிக்கப்பின் விளிம்பில்
என் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது.
அதுவரை அதை நான் பார்த்ததில்லை,
விரல் எப்போதும் அதன்மேலேயே இருந்ததால்.
அதை மூடிவிட்டேன்.
வீடு மாறிய அன்று ராத்திரி
சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி
விரல் மூடியைத் தடவியது, விலகியது,
கழுத்துப் பக்கம் ஓர் இடத்தில்
சம்மதமில்லாமல் உட்கார்ந்தது.

பெரிய மூடிக்குள் வெறும் தகரம்.
உள்ளே மெத்தென்று ஏதாவது ஒட்டினால்
கம்பியை லேசாக அமுக்கும் என்று கேள்வி.
பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில்
பச்சை முதுகை உரித்துவிட்டு
மஞ்சளை மட்டும் நறுக்கி வைத்தேன்.
தட்டினேன்.
பேசத் தொடங்கினால் நிறுத்தாத சுரம்
"டும்" என்றுவிட்டு
வாயை மூடிக்கொண்டது.

வைகாசியில், சிலைமான் பக்கம் ஒரு காளியம்மன் பொங்கல்.
ஹாலஜன் வெளிச்சம் குரோமில் விழுந்து
ஒரு வெள்ளை வட்டம் கூட்டத்தின் மேல் ஓடியது.
நான் அசைந்தபோதெல்லாம்
எதிர் பேனரில் இருந்த கவுன்சிலர் கன்னத்தில்
ஏறியது, இறங்கியது.
தவசி பார்த்துவிட்டார்.
"அங்கிட்டு பளபளன்னு மின்னுது பாருங்க,
அந்தக் கிட்டாருக்கு ஒரு கைதட்டு!"
கிட்டாருக்கு.
தட்டினார்கள்.
கிட்டாரின் சார்பில் நான் தலையாட்டினேன்.

ஒன்றரை மணிக்கு வயர் சுருட்டும்போது
ஸ்பீக்கர் வாடகைக்காரன் பால்பாண்டி வந்தான்.
"பொட்டி மேல டீ கிளாஸ் வச்சிருந்தேங்க்கா.
எப்பயும் கிடுகிடுன்னு நடுங்கிக் கீழ விழுந்துரும்.
இன்னைக்கு ஒவ்வொரு எட்டா எடுத்து வச்சு
ஓரம் வரைக்கும் நடந்து போய் நின்னுக்கிருச்சு.
என்னத்த மாத்துனீங்க?"

ஸ்பாஞ்சு என்றேன்.
பாத்திரம் தேய்க்கிறது.
சும்மா சொல்லாதீங்க என்று சிரித்தான்,
என் குரோமில் குனிந்து
தலை சீவிக்கொண்டே.