பாதை போகும் வேகம்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
மிதப்பது.
இரண்டு வள்ளத்துக்கு மேல் பலகை அடித்து
இரும்புக் கயிற்றைக் கையால் இழுத்து
பஸ்ஸை, மாட்டை, பொம்பிளை மாப்பிளையை, பிரேதத்தை
அக்கரை சேர்க்கிற தட்டுக்குத்தான்
அந்தப் பெயர்.
தார் போட்டதெல்லாம் ரோட்டு.

அரசரெத்தினம் பாதைக்காரன்.
பதினொரு வருசம் உப்பாற்றில் கயிறு இழுத்தவர்.
பாலம் திறந்த கிழமை
திருக்கோணமலையில் ஒரு சீமெந்துக் கடைக்குக்
காவலாளியாகிப் போனார்.

இடியப்பம் விற்று நான் வாங்கிய
மூன்றாம் கை ஓட்டோ.
லைசன்ஸ் கிடைத்துப் பத்தொன்பது நாள்.
வெருகலுக்கு இரண்டு மணித்தியாலம் காணும் என்றார்கள்.
நாங்கள் போய்வர மூன்று நாள்.

கோட்டை வாசலில்
லொத்தர் துண்டு சப்பிக்கொண்டு ஒரு மான்.
ஹோர்ன் அடித்தேன்.
அது பின்சீற்றில் இருந்த மனுசனைத்தான் பார்த்தது,
இவளை நம்பியா ஏறினாய் என்று.

சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள்
மரங்களுக்குள் துருவேறி நின்றன.
வெள்ளைக்காரனின் சண்டை முடிந்த செய்தி
அவற்றுக்கு இன்னும் போய்ச்சேரவில்லைப் போல.

கிண்ணியாப் பாலத்தில் காற்று
ஓட்டோவைத் தோளால் இடித்தது.
இடப்பக்கம் கொட்டியாரக் குடா,
வலப்பக்கம் தம்பலகாமக் களப்பு,
நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நான்.

கிண்ணியாவில் தயிர்.
ஒரு முட்டியை அவர் தனியே முடித்தார்.
பிறகு வாயைத் திறந்தபடி நித்திரை.
மூன்று இரவாய் உப்பாறு உப்பாறு என்று
என்னையும் உறங்கவிடாத மனுசன்,
உப்பாற்றைக் குறட்டையோடு கடந்தார்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன்.
பழைய துறையின் சீமெந்துச் சரிவு,
அதில் தூண்டிலோடு ஒரு பெடியன்,
ஒரு சிவப்பு வாளி.
எழுப்பியிருக்கலாம்.
எழுப்பவில்லை.
கங்கையும் போனது, இறால்குழியும் போனது.

மூதூரில் நசூர்தீன் வீட்டு வாசலில்தான் கண் முழித்து
"உப்பாறு வந்திட்டா?"
"அது எப்பவோ போட்டுது."
நசூர்தீன் சிரித்த சிரிப்பில் வெற்றிலை சிதறியது.
"பாதையைத் தவறவிட்ட
முதல் பாதைக்காரன் நீதான் மச்சான்!"

அவர் வலப்பக்கம் நின்று இழுத்தவர், இவர் இடப்பக்கம்.
ஒருவருக்கு வலத்தோள் உயரம்,
மற்றவருக்கு இடத்தோள்.
நண்டுக்கறிக்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தியபோது
ஒரே ஆள் மாதிரி
நேராக இருந்தார்கள்.

இரண்டாம் நாள்
ரோட்டின் பாதியில் நெல் காய்ந்தது.
மீதிப் பாதியில் எதிரே வந்த
அறுவடை மெசினுக்கு
நான் வாய்க்கால் ஓரம் ஒதுங்கிக் கும்பிட்டேன்.
ஈச்சிலம்பற்றுப் பக்கம்
கூரையில்லாத ஒரு வீட்டுக்குப் புதுக் கேற்,
பூட்டியிருந்தது.
சூடு ஆறாத யானை லத்தி.
"நான் கொஞ்சம் ஓடட்டா?" என்றார்.
அன்றைக்கு நான் ஒருத்தருக்கும்
ஹான்டிலைக் கொடுக்கிற மனநிலையில் இல்லை.

வெருகல் பாலத்தில்
பாதி எங்கள் மாவட்டம், மீதி மற்றது.
"மட்டக்களப்புக்குப் போட்டு வாறன்" என்று நடந்தவர்
இரண்டு நிமிசத்தில் திரும்பினார்.
"என்ன விசேசம்?"
"அங்கயும் காத்துத்தான்."
கோயில் மண்டபத்தில் படுத்தோம்.
ஆறு இரவு முழுக்க
எதையோ தேடிக்கொண்டு போனது.

மூன்றாம் நாள் தயிர் தொடவில்லை.
இறால்குழியிலிருந்தே நிமிர்ந்து இருந்தார்.
உப்பாற்றுப் பாலத்தில் ஏறியதும்
கீழே பார்ப்பார் என்று நினைத்தேன்.
நேரே பார்த்தார்.
"இவ்வளவு கிட்டவா அக்கரை?"

ஒருதரம் கடந்தோம்.
"திருப்பு" என்றார். திருப்பினேன்.
இன்னொருதரம் கடந்தோம். "திருப்பு."
மூன்றாம் தரம்
கண்ணாடியில் கண்டேன்:
மடியில் அவர் கைகள்
ஒன்றின் முன்னால் ஒன்று போய்ப் பிடித்து
இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன.

அக்சிலேட்டரை விட்டேன்.
கை ஒன்று போக ஒரு முழம்,
மற்றது போக இன்னொரு முழம்.
பின்னால் தயிர் லொறிக்காரன்
ஹோர்னில் ஏறி நின்றான்.
நிற்கட்டும்.
பாதை நடு ஆற்றில் இருக்கிறது.